வட்டத்தைச் சதுரமாக்கும் வளைவுகள்: தரையில் வரைந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வட்டம் இருக்கிறது. அதே பரப்புள்ள சதுரம் ஒன்றை வரைய வேண்டும். பை என்ற எண்ணை எங்கேயும் தொடக் கூடாது. இதற்குப் பழைய கிரேக்க வடிவியலில் இரண்டு வளைவுகள் உண்டு: ஹிப்பியாஸின் குவாட்ரேட்ரிக்ஸ், ஆர்க்கிமிடீஸின் சுருள். இராமநாதபுரம் கடற்கரையில் தேவிபட்டினம், தொண்டி பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டையும் சிமெண்ட் தளத்தில் பெரிதாக வரைந்து வருகிறேன். எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ற வரிசையில் எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வட்டத்தைச் சதுரமாக்குவதில் உள்ள கடினம் இந்த வளைவுகளால் மறைந்துவிடுவதில்லை. குவாட்ரேட்ரிக்ஸ் அதை வளைவின் அடிப்புள்ளியில் கொண்டுபோய் வைக்கிறது. சுருள் அதைத் தொடுகோட்டில் வைக்கிறது. மற்ற எல்லாப் படிகளும் பள்ளிப்பாடம்தான். அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் பொறுமையைச் சேர்த்து வையுங்கள்.

1. எது கணக்கில் வரும், எது வராது

அளவுகோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடிக்க முடியாது. 1882இல் ஜெர்மன் கணிதர் லிண்டெமன் அதை நிரூபித்துவிட்டார். பை, முழுஎண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக் கோவைச் சமன்பாட்டுக்கும் தீர்வாக வராது. கவராயத்தால் கிடைக்கும் நீளங்களோ அப்படிப்பட்ட சமன்பாடுகளுக்குள்தான் அடங்கும். அதனால்தான் மூன்றாவது கருவியாக ஒரு வளைவு தேவைப்படுகிறது.

"22/7 வைத்துப் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் முடிந்ததே" என்று கேட்பவர்கள் உண்டு. அது கணக்கு, வரைதல் அல்ல. அதுவும் தோராயம்தான்: 1 மீட்டர் ஆர வட்டத்துக்கு 22/7 போட்டால் பரப்பில் சுமார் 12.6 சதுர செ.மீ. கூடிவிடும்.

இங்கே வளைவின் தேற்றம் துல்லியமானது. நம் கை வரைவது தோராயமானது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று: வரவேண்டிய எண்களைக் கடைசிப் பகுதியில்தான் கொடுத்திருக்கிறேன். முன்கூட்டியே பார்த்துவிட்டால் புள்ளியை விடைப்பக்கம் நகர்த்தத் தோன்றும். யாருக்கும் தோன்றும். அதனால் வரைந்து முடித்த பிறகு பாருங்கள்.

2. இடமும் நேரமும்

1 மீட்டர் ஆரத்துக்கு 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்குச் சமமான தரை வேண்டும். கருவாடு காயவைக்கும் சிமெண்ட் தளம் இதற்கு மிகப் பொருத்தம். கருவாடு காய்கிற நாட்களில் அந்தப் பக்கம் போகாதீர்கள். தளத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, உப்பும் செதிலும் போகப் பெருக்கிக் கழுவி, காயவிட்டு அப்புறம் தொடங்குங்கள். ஈரத்தரையில் சாக்பீஸ் கோடு பரவி அரை செ.மீ. தடிமனாகிவிடும்.

காற்றைக் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது மன்னார் வளைகுடா பக்கம், அதாவது தென்கடல் பக்கம், நூலை இழுத்துப் பிடித்தாலும் வில்லாக வளையும். அப்போது வடகடல், அதாவது பாக் விரிகுடா பக்கம் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு இது வசதி. இரண்டு கரையும் கைக்கெட்டும் தூரம். எந்தப் பருவமானாலும் காலை வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது.

ஈர மணலில் வரைய ஆசைப்படுபவர்கள் ஆரத்தை 3 மீட்டராக வையுங்கள். மணலில் குச்சிக்கோடு ஒரு செ.மீ. அகலம் வரும். 1 மீட்டர் ஆரத்தில் அந்த ஒரு செ.மீ. எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

தளமே கிடைக்கவில்லையா? 8க்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்று போதும். ஆனால் ஆரத்தை 60 செ.மீ.க்குக் குறையுங்கள். 1 மீட்டர் ஆரத்தின் முதல் படம் பலகையில் அடங்கிவிடும். கடைசியில் வரும் அரைவட்டம் அடங்காது. பாதி வேலையில் பலகை போதாமல் நிற்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

3. கருவிகள்

கவராயத்துக்குக் கயிறு வேண்டாம். புதிதாக வருபவர்கள் முதலில் தேடுவது தங்கூசியையோ (தூண்டில் நரம்பு) நைலான் கயிற்றையோதான், வீட்டிலேயே கிடக்கிறது என்பதால். நைலான் இழுத்தால் நீளும். ஒரே வட்டத்தின் தொடக்கமும் முடிவும் ஒட்டாமல் போகும். பருத்தி நூலோ கடற்காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறும்.

இரண்டு மீட்டர் நீள ரீப்பர் சட்டம் ஒன்று எடுத்து, ஒரு முனையில் ஆணிக்குத் துளை போடுங்கள். மறுபக்கம் வேண்டிய தூரத்தில் பென்சிலுக்குத் துளை. இதுதான் கவராயம். சிமெண்ட் தளத்தில் ஆணி அடிக்க முடியாது. ஒருவர் ஆணியைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் காலில் ஓர் எடைக்கல்லை அண்டக் கொடுத்தால் நகராது.

நேர்க்கோட்டுக்குக் கொத்தனார் நூல் சரி. நீலம் தடவி இழுத்துப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால் கோடு விழும். அங்கே நூல் நீண்டாலும் பாதகமில்லை, நேராக இருந்தால் போதும்.

வளைவுக்கு: கணு இல்லாத மெல்லிய மூங்கில் பிளாச்சு, சுமார் ஒன்றரை மீட்டர். கணு இருந்தால் அந்த இடத்தில் வளையாமல் முறுக்கிக்கொள்ளும். வயரிங் வேலைக்கு வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டியும் நன்றாக வளைந்து கொடுக்கிறது.

டேப் ஒன்று, கூராகச் சீவிய சாக்பீஸ், கூழாங்கற்கள் இருபது. கோலமாவு எடுத்து வராதீர்கள், காற்றில் நிற்காது.

4. சதுரமும் கால்வட்டமும்

கீழ் இடது மூலைக்கு க என்று பெயரிடுங்கள். அதற்கு நேர் மேலே ச. மேல் வலது மூலை ட. கீழ் வலது மூலை த. பக்கம் ஒவ்வொன்றும் வட்டத்தின் ஆரம், அதாவது 1 மீட்டர்.

க-த கோட்டை முதலில் அடியுங்கள். செங்குத்துக்குக் கொத்தனார்கள் செய்கிற 3-4-5 முறைதான்: க-விலிருந்து கிடையாக 60 செ.மீ., மேலே 80 செ.மீ., இரண்டு நுனிக்கும் இடையே 100 செ.மீ. கடையில் வாங்கும் மூலைமட்டத்தை நம்பி ஒரு மீட்டர் கோடு நீட்டாதீர்கள். அதன் சிறிய கோணப் பிழை கோட்டின் நுனியில் பெரிதாகத் தெரியும்.

சதுரம் முடிந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எவ்வளவு என்பது முக்கியமில்லை, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இங்கேயே திருத்துங்கள். இதற்குப் பின் வரும் எல்லாப் படிகளும் இந்தச் சதுரத்தின் மேல்தான் நிற்கின்றன.

இப்போது க-வை மையமாக வைத்து ச-விலிருந்து த வரை கால்வட்ட வில்லை வரையுங்கள்.

5. இரண்டையும் எட்டாகப் பிரியுங்கள்

குவாட்ரேட்ரிக்ஸ் பிறப்பது இரண்டு சீரான ஓட்டங்களால். க-வில் பொருத்திய ஆரம் ச-விலிருந்து த நோக்கிச் சாய்கிறது. அதே நேரத்தில் மேல்பக்கக் கோடு ச-ட, கிடையாகவே கீழே இறங்குகிறது. இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாகவே க-த கோட்டை அடைகின்றன. வழியெல்லாம் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் வளைவு.

இதைக் கேட்டதும் இரண்டு பேர் நின்றுகொண்டு, ஒருவர் சட்டத்தைச் சுழற்ற, மற்றவர் நூலை இறக்க முயல்வார்கள். நடக்காது. இரண்டு வேகத்தையும் சரியாக இணைக்க வேண்டுமானால் வில்லின் நீளத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதைத்தானே தேடுகிறோம். ஸ்போரஸ் என்பவர் எழுப்பிய இந்த ஆட்சேபத்தைப் பழைய கிரேக்கக் கணிதர் பாப்பஸ் பதிவு செய்திருக்கிறார். ஆகவே ஓட்டத்தை விட்டுவிடுங்கள். பாதி பாதியாக வெட்டுவோம். வில் பாதி வரும்போது பக்கமும் பாதி, வில் கால் வரும்போது பக்கமும் கால். வேகமே தேவையில்லை.

வில்லை முதலில் பாதியாக்குங்கள்: ச, த இரண்டையும் மையமாக வைத்து ஒரே ஆரத்தில் வெளிப்பக்கம் இரண்டு விற்கள், அவை வெட்டும் புள்ளியை க-வோடு இணைக்க வேண்டும். அந்த ஆரம் ஏறக்குறைய ஒரு மீட்டராக இருக்கட்டும். சின்னதாக எடுத்தால் விற்கள் உரசிக்கொண்டு போகும், எங்கே வெட்டுகின்றன என்று கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒவ்வொரு பாதியையும் பாதி, அதையும் பாதி.

பக்கத்தில் எட்டுப் பங்கு என்றால் 12.5 செ.மீ. இதை க-ச, த-ட இரண்டு பக்கத்திலும் குறித்து, நூலடித்துக் கிடைக்கோடுகள் போடுங்கள். ஒரே பக்கம் குறித்துக் கண்ணளவில் கிடையாக இழுக்காதீர்கள்.

டேப்பில் வசதி என்று பத்துப் பங்காக வைக்க நினைப்பவர்கள் உண்டு. பக்கம் பத்தாகிவிடும், வில்லைப் பாதி பாதியாக வெட்டிப் பத்துக்கு வர முடியாது. பிறகு பாகைமானியைத் தேடுவீர்கள், அதோடு துல்லியம் போயிற்று.

எண்ணிடுவதில் கவனம். இரண்டுக்கும் கீழிருந்து மேலே எண்ணுங்கள். வில்லில் த 0, ச 8. பக்கத்தில் க 0, ச 8. ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் எண்ணினால் வளைவு எங்கோ போகும்.

6. புள்ளிகளைப் பிடிப்பது

க-விலிருந்து வில்லின் 7ஆம் குறிக்கு ஒரு கதிர் போடுங்கள். அது 7ஆம் கிடைக்கோட்டை எங்கே வெட்டுகிறதோ அங்கே ஒரு கூழாங்கல். அப்படியே 6, 5, 4, 3, 2, 1. எட்டாவது புள்ளி ச-வேதான்.

இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. வில்லின் குறியிலிருந்து நேராகக் கீழே கோடு இறக்கி, அது கிடைக்கோட்டை வெட்டும் இடத்தில் கல்லை வைத்துவிடுவார்கள். வளைவு அழகாக வரும். "சார், சரியா மூலையில வந்து முடிஞ்சிருச்சு!" என்று சந்தோஷப்படுவார்கள். த-வில் போய் முடிந்தாலே அது தவறு. அது கொசைன் வளைவு, வேறு விஷயம். நம் வளைவு மூலைக்குப் போகாது. க-த கோட்டின் நடுவைத் தாண்டி, மூலைக்கு வெகு முன்னாலேயே இறங்கிவிடும். வெட்டவேண்டியது கதிரை, செங்குத்தை அல்ல.

எண் இல்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 4ஆம் புள்ளி சதுரத்தின் நட்டநடுவில், மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் விழவேண்டும். பாதிக் கோணம் 45 பாகை, உயரம் பாதி. வேறு இடத்துக்குப் போக வழியே இல்லை. நடுவில் விழவில்லை என்றால் உங்கள் வில் பாதியாகவில்லை.

மேலே உள்ள புள்ளிகள் சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் அங்கே கதிரும் கிடைக்கோடும் நன்றாகக் குறுக்கே வெட்டுகின்றன. கீழே வர வர இரண்டும் படுத்துக்கொண்டே போகின்றன. 2ஆம் கிடைக்கோடு 1 மி.மீ. தவறினால் புள்ளி 2.4 மி.மீ. நகரும். 1ஆம் கோட்டில் அதே 1 மி.மீ., 5 மி.மீ. ஆகிவிடும். இன்னும் பாதி இறங்கினால் 10 மி.மீ. ஆகவே "இன்னும் நிறையப் புள்ளி வைத்தால் இன்னும் துல்லியம்" என்பது மேலே உண்மை, கீழே பொய். 1க்குக் கீழே போகாதீர்கள். 1, 2, 3 ஆகிய மூன்று கதிர்களையும் கிடைக்கோடுகளையும் கூரான பென்சிலால் திரும்ப ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரம் செலவழிப்பது வீணாகாது.

7. அடிப்புள்ளி: முழுக் கவனமும் இங்கே

நமக்கு வேண்டியது வளைவு க-த கோட்டைத் தொடும் புள்ளி. அதை ப என்போம். வளைவுக்குள்ள முக்கியமான குணம் (டைனோஸ்டிராட்டஸ் தேற்றம்) இது: கால்வட்ட வில் ஆரத்துக்கு எத்தனை மடங்கோ, ஆரம் க-ப நீளத்துக்கு அத்தனை மடங்கு. க-ப கிடைத்துவிட்டால் வட்டத்தின் வளைந்த நீளம் நேர்க்கோடாகக் கைக்கு வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், சரியாக அந்த இடத்தில்தான் வெட்டும்புள்ளி இல்லை. கதிர் 0, க-த கோட்டின் மேல் படுத்துவிட்டது. கிடைக்கோடு 0 என்பதும் அதே க-த. ஒரு கோடு தன்னைத்தானே எங்கே வெட்டும்? எல்லா இடத்திலும்தான். ஆகவே ப-வை வெட்டி எடுக்க முடியாது, வளைவு எங்கே நோக்கி வருகிறது என்று பார்த்துப் பிடிக்க வேண்டும்.

முதல் வழி, பிளாச்சு. பலரும் ச-விலிருந்து 1ஆம் புள்ளி வரை பிளாச்சை வளைத்து, நுனியை அப்படியே நீட்டி, கோட்டைத் தொடும் இடத்தைக் குறித்துவிடுவார்கள். அது ப-வுக்கு வலப்பக்கம் தள்ளி விழும். வள்ளம் கட்டும் ஆசாரி ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நுனியிலயே நிறுத்துனீங்கன்னா சட்டம் அங்க நேரா நின்னுக்கும், வளையாது. அந்தப் பக்கமும் கொஞ்சம் ஓட விடுங்க." அதுதான் வழி. 1, 2, 3 ஆகிய புள்ளிகளின் பிம்பத்தை க-த கோட்டுக்குக் கீழேயும் அதே தூரத்தில் குறியுங்கள். வளைவு இந்தக் கோட்டுக்கு இருபுறமும் சமச்சீரானது. கோணத்தை எதிர்க்குறியாக்கினால் உயரமும் எதிர்க்குறியாகும், கிடைத்தூரம் மாறாது. மேலே மூன்று, கீழே மூன்று, ஆறு கற்களையும் தொட்டபடி பிளாச்சை வளையுங்கள். அது க-த கோட்டைச் செங்குத்தாகக் கடக்கும். கடக்கும் இடம் ப.

செங்குத்தாகக் கடக்கவில்லையா? ஒரு கல் இடம் தவறியிருக்கிறது. பெரும்பாலும் 1ஆம் கல்தான்.

இரண்டாவது வழி பிளாச்சே இல்லாமல். 2ஆம் புள்ளியிலிருந்தும் 1ஆம் புள்ளியிலிருந்தும் க-த கோட்டுக்குச் செங்குத்து இறக்கி, இரண்டு அடிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை எடுங்கள். 1 மீட்டர் ஆரத்தில் அது இரண்டரை செ.மீ. போல வரும். அதில் மூன்றில் ஒரு பங்கை 1ஆம் புள்ளியின் அடியிலிருந்து த பக்கம் கூட்டுங்கள். அங்கே ப.

ஏன் மூன்றில் ஒன்று? அடியை நெருங்கும்போது, உயரம் பாதியானால் ப-வுக்கு மீதமுள்ள தூரம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிறது. ஆகவே ஒவ்வொரு நகர்வும் முந்தைய நகர்வின் நாலில் ஒன்று. கால், அதில் கால், அதிலும் கால் என்று முடிவில்லாமல் கூட்டினால் மூன்றில் ஒன்று. பத்தாம் வகுப்புப் பெருக்குத்தொடர் வரிசை பாடம் இது. முடிவில்லாத கூட்டல் இப்படித் தரையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துண்டாக வந்து உட்காருவதைப் பிள்ளைகள் குனிந்து பார்க்கும்போது, இந்த வேலை முழுவதுக்கும் பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

இரண்டு வழியும் செய்யுங்கள். 3 மி.மீ.க்குள் ஒத்துவந்தால் நடுவில் வையுங்கள்.

8. ப-விலிருந்து கால்வட்டத்தின் நீளம்

ஆரத்தை ஆரத்தால் பெருக்கி க-ப-வால் வகுத்தால் வரும் நீளம் வேண்டும். தேல்ஸ் தேற்றம் போதும். ப-வையும் ச-வையும் இணைத்து, அதற்கு இணையாக த வழியே ஒரு கோடு போட்டு, அது க-ச நீட்சியை வெட்டும் புள்ளியை ந என்று குறிக்க வேண்டும். க-ந தான் கால்வட்ட வில்லின் நீளம்.

தரையில் இணைகோடு போடுவதற்குக் கஷ்டப்படுவார்கள். தேவையே இல்லை. ப-விலிருந்து த வரை உள்ள தூரத்தைச் சட்டத்தில் குறித்துக்கொண்டு, மேல்பக்கம் ச-ட கோட்டில் ச-விலிருந்து அதே தூரம் வையுங்கள். அது ம. ச-ம, ப-த இரண்டும் சமம், இரண்டும் கிடை. ஆகவே த-ம கோடு தானாகவே ப-ச-வுக்கு இணை. த-விலிருந்து ம வழியாக நூலை நீட்டிப் பிடித்தால் மேலே க-ச நீட்சியை ந-வில் வெட்டும்.

ந சதுரத்துக்கு வெளியே, ச-வுக்கு மேலே இருக்கும். வெகு மேலே, க-விலிருந்து இரண்டரை ஆரத்துக்கும் அப்பால் விழுந்தால் ம-வை ச-விலிருந்து அளப்பதற்குப் பதில் ட-விலிருந்து அளந்துவிட்டீர்கள் என்று பொருள்.

9. செவ்வகம், பிறகு சதுரம்

வட்டத்தின் பரப்பு, அரைச் சுற்றளவை ஆரத்தால் பெருக்கியது. அரைச் சுற்றளவு என்பது இரண்டு க-ந. ஆகவே பக்கங்கள் க-ந-வும் இரண்டு ஆரமும் கொண்ட செவ்வகம் வட்டத்துக்குச் சமம். இதைச் சதுரமாக்குவது எளிது.

தளத்தில் காலியான இடத்தில் ஒரு நேர்க்கோடு அடித்து, இரண்டு ஆரமும் அதை ஒட்டி க-ந நீளமும் அடுத்தடுத்து வையுங்கள். முழு நீளத்தின் நடுப்புள்ளியை மையமாக வைத்து அரைவட்டம். இரண்டு நீளமும் ஒட்டும் இடத்தில் செங்குத்து எழுப்பினால், அரைவட்டம் வரை உள்ள உயரம்தான் சதுரத்தின் பக்கம்.

முழு அரைவட்டமும் வேண்டாம். உச்சியில் ஒரு சாண் வில் போதும். இங்கே ஒரு நல்ல விஷயம்: இரண்டு நீளமும் அதிக வித்தியாசம் இல்லாதவை என்பதால் செங்குத்து கிட்டத்தட்ட உச்சிக்கே போகிறது, வில்லை நன்றாகக் குறுக்கே வெட்டுகிறது. புதிய பிழை சேராது.

10. ஆர்க்கிமிடீஸ் சுருள்: இரண்டாவது வழி

முதல் படத்தை அழித்துவிடாதீர்கள். அதே கதிர்கள் சுருளுக்கும் உதவும். சுருளில் கோணம் கூடக் கூட, மையத்திலிருந்து தூரமும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே க-விலிருந்து 1ஆம் கதிரில் ஒரு பங்கு தூரம் (12.5 செ.மீ.), 2ஆம் கதிரில் இரண்டு பங்கு, இப்படி 8ஆம் கதிரில் எட்டுப் பங்கு, அதாவது ச. இன்னும் அரைக்கதிர் (ஒரு பங்குக் கோணத்தில் பாதி தள்ளி வரும் கதிர்) ஒன்றைச் ச-வுக்கு இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் போட்டு, அவற்றில் ஏழரைப் பங்கும் எட்டரைப் பங்கும் குறியுங்கள்.

முழுச் சுற்றும் வரைய வேண்டுமே என்பார்கள். வேண்டாம். முழுச் சுற்றின் முடிவில் தொடுகோடு ஆரத்தோடு 81 பாகைக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அங்கே தொடுகோடு ஒரு பாகை தவறினால் நமக்கு வேண்டிய நீளம் 70 செ.மீ. தவறும். கால் சுற்றோடு நிறுத்தினால் அதே ஒரு பாகைக்கு 6 செ.மீ.தான்.

இன்னொரு தவறு: தூணில் கயிற்றைச் சுற்றி, அதைப் பிரித்தபடி நடந்தால் சுருள் வந்துவிடும் என்று நினைப்பது. வருவது ஒரு சுருள்தான், ஆனால் இது அல்ல. பிரியும் கயிறு தூணின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வருகிறது, மையத்திலிருந்து வரவில்லை. அதனால் மையத்திலிருந்து தூரம், கோணத்தோடு சீராகக் கூடாது. கீழே வரும் தொடுகோட்டுக் குணம் அந்த வளைவுக்குப் பொருந்தாது.

இப்போது கடினமான இடம். ச-வில் சுருளுக்குத் தொடுகோடு போட்டு, அதை க-த நீட்சி வரை கொண்டுபோக வேண்டும். சந்திக்கும் புள்ளி வ. க-வ நீளம் ஆரத்தைக் கோணத்தால் (ரேடியன் அளவில்) பெருக்கியது, அதாவது கால்வட்ட வில்லின் நீளமேதான்.

தொடுகோட்டைக் கண்ணால் ஒட்டவைத்துப் பார்க்காதீர்கள். ஏழரைப் புள்ளியையும் எட்டரைப் புள்ளியையும் இணைத்து நாண் போடுங்கள். ச-வின் இரு பக்கமும் சம கோணத்தில் இருப்பதால் அந்த நாணின் சாய்வு தொடுகோட்டின் சாய்வுக்கு மிக அருகில் இருக்கும். அந்த நாணுக்கு இணையாக ச வழியே கோடு. 1 மீட்டர் ஆரத்தில் இதனால் வரும் பிழை அரை செ.மீ. அளவுதான், அதுவும் எப்போதும் கூடுதல் பக்கமே. 7, 9 ஆகிய முழுப் புள்ளிகளை இணைத்தால் 2 செ.மீ. ஆகிவிடும், அதற்காகத்தான் அரைக்கதிர்கள்.

11. சரிபார்ப்பும் திருத்தமும்

முதலில் எண் இல்லாமல். க-வில் ஆணியை வைத்து, சட்டத்தில் க-ந நீளத்தைப் பிடித்துக் கிடையாகச் சுழற்றுங்கள். ந வந்து வ-வின் மேல் விழவேண்டும். இரண்டும் ஒரே வில்லின் நீளம், இரண்டு வெவ்வேறு வளைவிலிருந்து வந்தவை. ஒரு செ.மீ.க்குள் விழுந்தால் மிக நல்ல வேலை.

இப்போது டேப்பை எடுக்கலாம். 1 மீட்டர் ஆரத்துக்கு க-ப 63.66 செ.மீ., க-ந 157.08 செ.மீ., சதுரத்தின் பக்கம் 177.25 செ.மீ. பலகையில் 60 செ.மீ. ஆரத்துக்கு வரைந்தவர்களுக்கு 38.20, 94.25, 106.35.

க-ப ஒரு செ.மீ. தவறினால் சதுரத்தின் பக்கம் சுமார் 1.4 செ.மீ. தவறும். பக்கம் நீளமாக வந்திருந்தால் ப, க பக்கம் நெருங்கிவிட்டது. குட்டையாக வந்திருந்தால் ப, த பக்கம் போய்விட்டது. இதுதான் அதிகம் நடக்கும், நீட்டிவிட்ட பிளாச்சு நுனியால். 7ஆம் படிக்குப் போய்க் கீழ்ப்பக்கப் பிம்பங்களோடு பிளாச்சை மறுபடி வளையுங்கள்.

க-வ மட்டும் நீளமாக இருக்கிறது, க-ந சரியாக இருக்கிறது என்றால் நாணைப் பாருங்கள். ஒன்று நீண்டு, மற்றது ஏறக்குறைய அதே அளவு குட்டையாகியிருந்தால் வளைவுகளில் தேடாதீர்கள். கதிர்கள் இரண்டுக்கும் பொது, ஆகவே வில்லைப் பாதியாக்கியதில்தான் கோளாறு. 4ஆம் புள்ளி மூலைவிட்டங்களின் வெட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நிற்காவிட்டால் 5ஆம் படியிலிருந்து கதிர்களை மட்டும் புதிதாகப் போடுங்கள். சதுரமும் கிடைக்கோடுகளும் அப்படியே இருக்கலாம்.